பெயர் கூப்பிடாத திங்கட்கிழமை

அன்றைக்கு நான் வேனை ஒரு குறையும் இல்லாமல்தான் ஓட்டினேன். பொலிசுக்கும் இதைத்தான் எழுதிக் கொடுத்தேன், நீதவானிடமும் இதைத்தான் சொன்னேன். கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை வரைக்கும் ஒரு சிவப்பு விளக்கைத் தாண்டவில்லை, ஒரு பஸ்காரனோடும் போட்டிக்குப் போகவில்லை, ஒருத்தனையும் திட்டவில்லை. திட்டவும் முடியாது, வாய் அப்படி வீங்கியிருந்தது. பதினேழு வருடத்தில் அவ்வளவு அடக்க ஒடுக்கமாக நான் ஓட்டிய நாள் வேறு இல்லை. இதைச் சொல்லச் சொல்ல எல்லாரும் என்னை இன்னும் கேவலமாகத்தான் பார்த்தார்கள். பார்க்கட்டும். நானும் அப்படித்தான் பார்த்திருப்பேன்.

என் பெயர் கிளெமென்ற். கொட்டாஞ்சேனையில் ஸ்கூல் வேன் வைத்திருந்தேன். பதின்மூன்று பிள்ளைகள், எல்லாருக்கும் வெள்ளவத்தையில் ஒரே பள்ளிக்கூடம். காலையில் ஆறு மணிக்குக் கிளம்பி, ஒவ்வொரு வாசலாக ஏற்றிக்கொண்டு, கொச்சிக்கடை தாண்டி, கோட்டை தாண்டி, ஏழே காலுக்குப் பள்ளிக்கூட கேட்டில் நிற்பேன். மற்ற வேன்களில் உதவிக்கு ஒரு அன்ரி இருப்பா. கதவைத் திறந்து விடுவா, பிள்ளைகளைக் கைபிடித்து இறக்குவா. எனக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு என் தொண்டை இருந்தது.

எங்கள் அப்பா துறைமுகத்தில் கப்பலின் அடித்தட்டில் சரக்கு இறக்கியவர். வேலை முடிந்து எல்லாரும் மேலே ஏறி வந்த பிறகு, மூடியைப் போடுமுன் கங்காணி ஒவ்வொருவரின் பெயரையும் கூப்பிட்டுப் பதில் வாங்குவாராம். தலையை எண்ண மாட்டாராம். எண்ணினால் ஒருத்தனை இரண்டு தரம் எண்ணிவிடலாம், பெயரைக் கூப்பிட்டால் அவனவன்தான் வாயைத் திறக்க வேண்டும். கொட்டாஞ்சேனையில் துறைமுகத்துக்கு வேலைக்குப் போன வீட்டில் இது தெரியாத ஆள் இல்லை. நான் வேனிலும் அதையே செய்தேன்.

கேட்டில் நிறுத்தியதும் பக்கக் கதவைத் தள்ளித் திறந்துவிட்டு, தெருவுக்கே கேட்கும்படி தொடங்குவேன். "மிதுஷன்!" "பிரசன்ட் அங்கிள்!" குதிப்பான். "அஷ்பாக்!" "பிரசன்ட்!" அடுத்தவன். பெயருக்குரிய பிள்ளை பதில் சொல்லி இறங்கும்வரை அடுத்த பெயருக்குப் போகமாட்டேன். கேட் காவல்காரன் காதைப் பொத்திக்கொண்டு, இது பள்ளிக்கூடம், மீன் சந்தை இல்லை என்று சிங்களத்தில் புறுபுறுப்பான். அவன் கிடந்தான். பதினேழு வருடத்தில் ஒரு பிள்ளையையும் நான் வேனில் விட்டதில்லை.

என் பட்டியலில் கடைசிப் பெயர் மிதுனா. முதலாம் வகுப்பு. தகப்பன் கட்டாரில், தாய் சுபோதினி இங்கே ஒரு அலுவலகத்தில் வேலை. யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு தொடர்மாடியின் மூன்றாம் மாடியில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகள் 'பிரசன்ட்' என்றால் இவள் மட்டும், "இஞ்ச நிக்கிறன் அங்கிள்!" என்பாள். முதல் வாரம் எல்லாரும் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. காலையில் கீழே நின்று நான் கூப்பிட்டதும் மூன்றாம் மாடி ஜன்னலில் ஒரு தலை தெரியும், ஒரு சப்பாத்துதான் போட்டிருப்பாள், அங்கேயிருந்தே "இஞ்ச நிக்கிறன்" என்று கத்துவாள். தாய் பத்துத் தரம் எழுப்பியும் எழும்பாதவள் என் சத்தத்துக்கு எழும்பிவிடுவாள் என்று சுபோதினி என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வேனில் அவளுடைய இடம் எனக்குப் பக்கத்து முன் ஸீற். ஏறியதிலிருந்து வாய் மூடாது. "அங்கிள், ட்ரஃபிக் பொலிசுக்கு மூத்திரம் வந்தா ஆர் வாகனங்களை மறிக்கிறது?" "அங்கிள், கிரேனுக்குக் கழுத்து நோகாதா?" எனக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் பாசம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மற்றப் பன்னிரண்டு பேரையும் நாளுக்கு நாலு தரம் திட்டுகிறவன்தான் நான். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி அந்தப் பல்லுக்கு வருகிறேன்.

வலது பக்கம், கீழே, கடைசிக் கடைவாய்ப் பல். தாடை எலும்புக்குள் படுத்துக் கிடந்து, பக்கத்தில் ஒரு கட்டியையும் வளர்த்து வைத்திருந்தது. ஒரு சனிக்கிழமை முகத்தைத் துணியால் மூடி, மயக்க மருந்து ஏற்றி, எலும்பைக் கொஞ்சம் வெட்டி எடுத்தார்கள். எட்டுத் தையல். கண் விழித்தபோது என் தாடை என்னுடையது மாதிரி இல்லை. வாயைத் திறந்தால் ஒரு விரல்கூட உள்ளே போகாது. கீழ் உதடு மரத்துப் போயிருந்தது.

டொக்டர் அம்மா நல்ல மனுசி. நான் வேன் ஓட்டுகிறவன் என்று என் மனைவி றேணுகா சொன்னதும் ஒரு தாளை எடுத்து, ஒவ்வொரு வரியாகத் தாதி தமிழில் சொல்ல வைத்தா. இன்றும் நாளையும் வாகனத்தைத் தொடக்கூடாது. வெள்ளை மாத்திரை போடலாம், சிவப்பு மாத்திரை நித்திரை கொண்டுவரும், அதைப் போட்டால் ஓட்டக்கூடாது. நாலு நாளைக்குக் கதைக்கக் கூடாது, தலையைக் கீழே குனியக்கூடாது, குனிந்தால் இரத்தம் கசியும். ஓட்டும்போது கவனம் சிதறக்கூடாது. நான் ஒரு துண்டில் 'திங்கள் ஓட்டலாமா' என்று எழுதிக் காட்டினேன். சிவப்பு மாத்திரை போடாவிட்டால் ஓட்டலாம், ஆனால் உதவிக்கு ஒருவர் இருந்தால் நல்லது என்றா.

அந்தத் தாளை நான் வேதப் புத்தகம் மாதிரி வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசைக்குக்கூட றேணுகாவை ஓட்டோவில் அனுப்பினேன், வேன் சாவியைத் தொடவில்லை. சிவப்பு மாத்திரையை இரவிலும் போடவில்லை, அதன் மயக்கம் விடியும்வரை கிடந்துவிடுமோ என்று பயம். அதனால் இரண்டு இரவும் வலியில் உட்கார்ந்தே இருந்தேன். பிள்ளைகளை ஏற்றுகிறவன் வேறு எப்படி இருப்பான்?

உதவியை மட்டும் ஏற்கவில்லை. அதுதான் நான் செய்தது. மட்டக்குளியில் வேன் ஓடும் பேர்னாட் வந்து, "மச்சான், மூணு நாளைக்கு நானே ஏத்துறன், நீ படு" என்றான். ஒரு கையில் ஃபோன், ஒரு கையில் ஸ்டியரிங் என்று ஓடுகிறவன் அவன். என் பிள்ளைகளை அவனிடம் கொடுப்பதா? தலையை ஆட்டிவிட்டேன். றேணுகா கெஞ்சினாள்.

"நான் லீவ் போட்டுட்டுப் பின்னுக்கு இருந்து வாறனே. இறங்கும்போது நான் பேர் கூப்பிடுறன்."

'தேவையில்லை' என்று எழுதி, கீழே இரண்டு கோடும் போட்டேன்.

"பேர் கூப்பிட உங்களுக்கு வாய் வராதே."

'எண்ணுவேன்' என்று எழுதினேன்.

அவள் கோபத்தில் சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். மனைவியைப் பின் ஸீற்றில் உட்கார வைத்துக்கொண்டு போனால், கிளெமென்றுக்கு வயதாகிவிட்டது என்று பேர்னாட் கொட்டாஞ்சேனை முழுக்கச் சொல்லித் திரிவான். என் மண்டைக்குள் அப்போது இருந்தது அந்த ஒரு யோசனைதான். வெட்கம் கெட்ட யோசனை. இப்போது நினைத்தால் என்னை நானே செருப்பால் அடிக்கத் தோன்றுகிறது.

கோபம் தணிந்த பிறகு, அவளே ஒரு கார்ட்போர்ட் மட்டையில் பெரிய எழுத்தில் எழுதித் தந்தாள்: 'அங்கிளுக்கு வாயில் ஒப்பரேஷன். பிள்ளைகள் சத்தம் போட வேண்டாம்.' அதை ட்ரைவர் ஸீற்றின் பின்னால் நூலில் கட்டித் தொங்கவிட்டோம்.

திங்கட்கிழமை ஐந்தரைக்கே புறப்பட்டேன். மெதுவாகப் போக நேரம் வேண்டும். தொடர்மாடியின் கீழே நின்று கூப்பிட முடியாததால் ஹோர்ன் அடித்தேன். ஜன்னலில் தலை தெரியவில்லை. இரண்டாம் தரம் அடித்தேன். கடைசியில் சுபோதினிதான் அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி வந்தாள். பிள்ளை தாயின் தோளில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது.

"நீங்க கூப்பிடாட்டி இவ எழும்ப மாட்டா அண்ணா," என்று சிரித்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்து, "ஐயோ, நல்லா வீங்கிப் போச்சு. ஓட்டுவீங்களா? ஏலாட்டிச் சொல்லுங்கோ, நான் ஓட்டோவில கொண்டுபோய் விடுறன்" என்றாள்.

ஏலும் என்று கையைக் காட்டினேன். அவள் வழக்கம்போல முன் கதவைத் திறக்கப் போனாள். நான் மறித்தேன். கவனம் சிதறக்கூடாது என்று தாளில் இருக்கிறது. இவள் விழித்துக்கொண்டு கேள்வி கேட்கத் தொடங்கினால் என்னால் பதில் சொல்லவும் முடியாது, கேட்காமல் இருக்கவும் முடியாது. பின்னால் என்று கை காட்டினேன். சுபோதினி அவளைக் கடைசி வரிசையில், ஜன்னலோரம், பாக்கை மடியில் வைத்து உட்கார்த்தினாள். நெற்றியில் ஒரு கொஞ்சல். பின் கண்ணாடிகளில் வெயிலுக்காக றேணுகா தைத்துப் போட்ட நீலத் திரை இருந்தது. அதையும் தாய் நல்லதுக்கென்று இழுத்துவிட்டாள்.

அன்று மாதிரி ஒரு நாள் அந்த வேனில் இருந்ததில்லை. பிள்ளைகள் மட்டையை வாசித்தார்கள். வாசிக்கத் தெரியாததுகளுக்கு வாசிக்கத் தெரிந்ததுகள் காதில் சொன்னதுகள். அஷ்பாக் வாயில் விரலை வைத்துக்கொண்டு வந்தான். சந்தைக்கடை மாதிரி இருக்கும் வேன் பூசை வேளைக் கோயில் மாதிரி இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது, உண்மையைச் சொல்கிறேன். இந்தக் குரங்குகளுக்கு என்மேல் இவ்வளவு பாசமா என்று நினைத்தேன். காலி வீதியில் ஒரு தனியார் பஸ்காரன் என்னை உரசிக்கொண்டு போனான். வழி விட்டேன். மோட்டார் சைக்கிள்காரன் குறுக்கே விழுந்தான். பிரேக் பிடித்து நின்றேன். தாடை விண்விண் என்று தெறித்தது. ஆனாலும் ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தேன்.

கேட்டில் கதவைத் திறந்துவிட்டு, ஒவ்வொரு தலையாக விரலை மடக்கி எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. ஒருத்தரும் சத்தம் போடவில்லை. பூனைக்குட்டிகள் மாதிரி இறங்கிப் போனார்கள். அஷ்பாக் இறங்கி, கேட் வரை போய்விட்டுத் தண்ணீர்ப் போத்தலுக்காகத் திரும்பி ஓடி வந்து ஏறி மறுபடியும் இறங்கினான். பதின்மூன்று. சரி.

வழக்கமாக அதற்குப் பிறகு ஒரு வேலை செய்வேன். உள்ளே ஏறி, ஸீற்றுகளுக்குக் கீழே குனிந்து, பிஸ்கட் உறைகளையும் பென்சில் துருவலையும் கூட்டித் தள்ளுவேன். குனியக்கூடாது என்று தாளில் இருந்தது. கதவு வாசலில் நின்று ஒரு தரம் உள்ளே பார்த்தேன். ஸீற் முதுகுகள் தெரிந்தன. நீலத் திரை தெரிந்தது. கதவைத் தள்ளி மூடினேன்.

மற்ற நாளில் பள்ளிக்கூடத்தின் பின் ஒழுங்கையில், மதிலோர மரநிழலில், வேனின் எல்லாக் கதவையும் திறந்து போட்டுவிட்டு உள்ளேயே ஒரு தூக்கம் போடுவேன். அங்கே நாலைந்து வேன்காரர்கள் இருப்பார்கள், என் வீங்கின முகத்தை வைத்துப் பொழுது போக்குவார்கள். பதிலுக்கு வாயைத் திறக்க முடியாமல் அவர்கள் நடுவில் உட்கார என்னால் முடியாது. பாமன்கடையில் என் தங்கை கொன்ஸ்ரன்ஸ் வீடு இருந்தது. அங்கே ஐஸ் இருக்கும், கட்டில் இருக்கும். அவள் வீட்டு வாசலில் நிழல் இல்லை. தெரியாத தெரு என்பதால் கண்ணாடிகளை ஏற்றி, எல்லாக் கதவையும் பூட்டி, இரண்டு தரம் இழுத்தும் பார்த்தேன்.

கொன்ஸ்ரன்ஸ் கஞ்சியை ஆற வைத்துத் தந்தாள். ஒரு வெள்ளை மாத்திரை போட்டேன். துணியில் சுற்றிய ஐஸைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு படுத்தேன். இரண்டு இரவு நித்திரை இல்லாதவன், தலையணையில் தலை பட்டதுதான் தெரியும். அது மார்ச் மாதம். வெளியே என்ன வெயில் அடித்தது என்று கொன்ஸ்ரன்ஸ் பிறகு பொலிசுக்குச் சொன்னாள். உடுப்பு ஒன்றரை மணித்தியாலத்தில் காய்ந்ததாம்.

பதினொன்றுக்கு ஃபோனில் அலாரம் அடித்தது. ஒன்றாம் இரண்டாம் வகுப்புகள் பதினொன்றரைக்கு விடும். என் வேனில் அந்த வகுப்புகளில் இரண்டு பேர், மிதுனாவும் ஜனாவும். எழும்பியதும் ஓட்டுகிற நிலையில் இருக்கிறேனா என்று பார்த்தேன். தரை ஓடுகள் சேரும் கோட்டில் நேராக நடந்தேன். ஒற்றைக் காலில் பத்து எண்ணும்வரை நின்றேன். "அண்ணனுக்குப் பைத்தியம்" என்று கொன்ஸ்ரன்ஸ் சிரித்தாள். ஆறின கோப்பி குடித்தேன். வேன் கதவைத் திறந்ததும் அடுப்பைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. முன் கண்ணாடி இரண்டையும் இறக்கிவிட்டு, ஸ்டியரிங்கை லேஞ்சித் துணியால் பிடித்துக்கொண்டு, பாமன்கடையிலிருந்து பள்ளிக்கூடம் வரை பத்து நிமிடம் ஓட்டினேன். அந்தப் பத்து நிமிடமும் நான் சட்டப்படி ஓட்டினேன். ஒரு கடவையில் ஒரு கிழவி குறுக்கே போய் முடியும்வரை நின்றும் இருந்தேன்.

கேட்டில் நாகேஸ்வரி டீச்சர் பிள்ளைகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தா. ஜனா ஓடி வந்தான். நான் இரண்டு விரலைக் காட்டினேன், மற்றவள் எங்கே என்று.

"மிதுனா இண்டைக்கு வரேல்லையே," என்றா டீச்சர். "வேனில வரேல்லையா?"

நான் தலையை ஆட்டினேன். வந்தாள் என்று ஆட்டினேனா, இல்லை என்று ஆட்டினேனா, எனக்கே தெரியாது. ஜனா என் காற்சட்டையைப் பிடித்து இழுத்தான். சத்தம் போடக்கூடாது என்பது அவனுக்கு இன்னும் நினைவில் இருந்தது. மெல்லிய குரலில்தான் சொன்னான்.

"அவ பின்னுக்கு நித்திரை அங்கிள். போர்ட்ல சத்தம் போட வேண்டாமெண்டு இருந்தது. அதான் நான் எழுப்பேல்ல."

அந்தப் பிள்ளையை யாரும் ஒன்றும் கேட்கக் கூடாது. சொன்னபடி நடந்த பிள்ளை அவன்.

கடைசி வரிசைக்கும் அதற்கு முந்தின வரிசைக்கும் இடையில் அவள் சரிந்து கிடந்தாள். பாக் அவளுக்கு மேலே. சட்டைப் பொத்தான் இரண்டைத் தானே கழற்றியிருந்தாள். சப்பாத்தையும் கழற்றி, சோடியாகச் சேர்த்து வைத்திருந்தாள். திரையின் ஒரு மூலை பிய்ந்து தொங்கியது. நான் தலையைக் குனிந்து, ஸீற்றுக்குக் கீழே நுழைந்து, அவளைத் தூக்கினேன். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. மூச்சு இருந்தது. இருந்தது, நான் கேட்டேன்.

டீச்சர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு ஏறினா. அதற்குப் பிறகுதான் நான் அன்று முதல்முறையாகத் தாறுமாறாக ஓட்டினேன். விளக்குகள் எதையும் பார்க்கவில்லை. கையை ஹோர்னில் இருந்து எடுக்கவில்லை. டீச்சர் பின்னாலிருந்து, "மிதுனா, மிதுனா" என்று கூப்பிட்டுக்கொண்டே வந்தா. வழியில் போனவர்கள் எல்லாம் என்னைத் திட்டியிருப்பார்கள்.

ஆஸ்பத்திரியில் அவளைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள், கதவு மூடிவிட்டது. பொலிஸ் வர அரை மணித்தியாலம் ஆகவில்லை. சார்ஜன்ட் என் வீங்கின கன்னத்தைப் பார்த்தார், சட்டைப் பையிலிருந்த மாத்திரை அட்டையைப் பார்த்தார்.

"பெஹெத் பீலத எலெவ்வே?" என்றார். மருந்து குடித்துவிட்டா ஓட்டினாய் என்று.

நான் எழுதிக் காட்டினேன். சிவப்பு மாத்திரை அட்டையை எடுத்து, பத்தும் அப்படியே இருக்கிறது என்று காட்டினேன். அங்கேயே ஒரு டொக்டரிடம் கூட்டிப்போய் இரத்தம் எடுத்தார்கள். சாராயமும் இல்லை, மயக்க மருந்தும் இல்லை. அடுத்த நாள் ஃபேஸ்புக்கில் 'போதையில் வேன் ஓட்டிய சாரதி' என்று என் படத்தைப் போட்டிருந்தார்களாம். றேணுகா அழுதுகொண்டு சொன்னாள். எனக்கு அந்தப் பொய்யின்மேல் கோபம் வந்தது. ஒரு பிள்ளை அப்படிக் கிடக்கும்போது என் ஓட்டத்தைப் பற்றிப் பொய் சொல்கிறார்களே என்று கோபப்பட்ட நாய் நான். நான் போதையில் ஓட்டுகிறவனாக இருந்திருந்தால் பேர்னாட் ஏற்றியிருப்பான், றேணுகா பின்னால் இருந்திருப்பாள், சுபோதினி ஓட்டோவில் கொண்டுபோயிருப்பாள். நான் ஒழுங்காக ஓட்டுவேன் என்று எல்லாரும் நம்பினார்கள்.

இரத்தம் எடுத்து முடித்து என்னை ஜீப்புக்குக் கூட்டிப்போகும்போது நடையில் சுபோதினி நின்றாள். அலுவலகத்திலிருந்து அப்படியே ஓடி வந்தவள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கியது. அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடிக்கட்டும் என்று முகத்தைக் கொடுத்தேன், வீங்கின பக்கத்தையே கொடுத்தேன். அவள் அடிக்கவில்லை. என் கையைப் பிடித்தாள்.

"அண்ணா, கண் முழிக்கிறா இல்லை. சத்தம் கேக்கும், கதைச்சுப் பாருங்கோ எண்டு டொக்டர் சொன்னவர். நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்திட்டன். நான் கூப்பிட்டா அவ எப்பவும் எழும்ப மாட்டாதானே. நீங்க ஒருக்கா வந்து கூப்பிடுங்கோ."

சார்ஜன்டிடம் திரும்பிச் சிங்களத்தில் கெஞ்சினாள். மாத்தயா, அஞ்சு நிமிடம், அஞ்சே நிமிடம். சார்ஜன்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கும் பிள்ளைகள் இருந்திருக்க வேண்டும். பிறகு தலையை அசைத்தார்.

உள்ளே அவளுக்கு ஒரு பெரிய கட்டில். வாயில் குழாய், கையில் குழாய், மெஷின் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. தலைமயிரை யாரோ ஈரத்தால் துடைத்துச் சீவி விட்டிருந்தார்கள். சப்பாத்து இல்லாத கால் இரண்டும் துணிக்கு வெளியே தெரிந்தன.

நான் வாயைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை. பல்லைக் கடித்துத் தாடையை இழுத்தேன். ஏதோ ஒன்று உள்ளே பிய்ந்தது. வாய் நிறைய உப்புச் சூடு வந்தது. "மிதுனா" என்றேன். வந்தது பெயர் இல்லை, ஒரு முனகல்.

"சத்தமா, அண்ணா. வீட்டுக்குக் கீழ நிண்டு கூப்பிடுற மாதிரி."

அவளுக்குப் பழக்கம் பட்டியல்தான் என்று எனக்குத் தோன்றியது. பன்னிரண்டு பெயர் முடிந்துதான் அவள் பெயர் வரும், அதுவரை கதவோரம் காத்துக்கொண்டு நிற்பாள். மிதுஷனிலிருந்து தொடங்கினேன். மிதுஷன். அஷ்பாக். ஜனா. ஒவ்வொரு பெயருக்கும் பதிலுக்கான இடம் விட்டேன். தாடையிலிருந்து இரத்தம் சட்டையில் வடிந்தது. ஒரு தாதி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தா, சுபோதினி அவவைக் கையால் மறித்தாள். பன்னிரண்டும் முடிந்தது. இருந்த பலம் முழுவதையும் சேர்த்து, "மிதுனா!" என்று கத்தினேன். அடுத்த கட்டில்களில் இருந்த தாய்மார் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள்.

காத்துக்கொண்டு நின்றேன். மெஷின் மூச்சு விட்டது. இன்னொரு மூச்சு விட்டது. பதில் வரும்வரை நான் எப்போதும் நிற்பேன். நின்றேன். சார்ஜன்ட் பின்னாலிருந்து என் முழங்கையைத் தொட்டார்.

சுபோதினி தன் சேலைத் தலைப்பால் என் வாயிலிருந்த இரத்தத்தைத் துடைத்தாள். எனக்கு! என் வாயை!

"அது உங்கட குரல் மாதிரி இல்லை அண்ணா," என்றாள். "அதுதான் அவவுக்கு விளங்கேல்ல. வாய் சுகமானதும் வந்து கூப்பிடுங்கோ. அப்ப எழும்புவா."

ஓம் என்று தலையை ஆட்டினேன்.

மிதுனா மூன்றாம் நாள் விடியுமுன் போய்விட்டாள். றிமாண்டில் எனக்குத் தையல் பிரித்தது பத்தாம் நாள். வீக்கம் வற்றிவிட்டது. வாய் இப்போது நன்றாகத் திறக்கிறது.